உள்பக்கப் பந்து

ஹார்லன் கிரைடரைப் பற்றி என் முதல் அறிக்கையைப் பிப்ரவரியில் எழுதினேன். ஆர்கன்சாவின் வடக்கு மலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் அவன் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அன்று பனித்தூறல். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களைவிட, வேலிக்கு வெளியே காரை நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள்தான் அதிகம். நான் பெஞ்சில் இருந்தேன். அது என் பிழைப்பு.

ஒரு தொழில்முறை பேஸ்பால் அணிக்கு ஆள் பார்த்துச் சொல்கிற ஸ்கவுட் நான். நான்கு மாநிலங்கள் என் பொறுப்பு. அதற்கு முன் பதினொரு வருடம் அதே அணியின் அலுவலகத்தில், மற்ற ஸ்கவுட்கள் கிறுக்கி அனுப்பும் அறிக்கைகளை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பாஷை எனக்கு அத்துப்படி. 'நல்ல குணம்' என்று எழுதியிருந்தால் பந்தில் வேகம் இல்லை என்று பொருள். 'கடும் உழைப்பாளி' என்றால் ஆள் குள்ளம். நானே களத்துக்கு வந்தபோது அப்படி மழுப்பி எழுதக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பார்த்ததை எழுதுவேன், பார்க்காததை விட்டுவிடுவேன்.

ஹார்லனிடம் பார்க்க நிறைய இருந்தது. ஆறடி நாலங்குலம், வலது கை. அவன் பந்தை விடும்போது உடம்பில் சிரமமே தெரியாது. கொடியில் துணி போடுகிறவன் மாதிரி இருக்கும். பந்து மட்டும் மணிக்குத் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் போய்ச் சேரும். கடைசி நொடியில் கீழே சரியும் இன்னொரு பந்தும் கைவசம் வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேல், மட்டையோடு நிற்கிறவனின் உடம்பை ஒட்டி, மார்புக்கு நேரே, உள்பக்கமாக வீசுவதற்கு அவன் தயங்கவில்லை. அந்தப் பந்து பிட்சரிடம், அதாவது வீசுகிறவனிடம், இருக்கிறவரை எந்த பேட்டரும் முன்னால் சாய்ந்து நின்று வெளிப்பக்கப் பந்தை எட்டி அடிக்க முடியாது. கொஞ்சம் பயந்து, கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். பிட்சரின் பிழைப்பே அந்தக் கொஞ்சம் பயத்தில்தான் ஓடுகிறது.

'பெரிய லீக்கில் ஆடுவான்' என்று எழுதினேன். பதினான்கு வருடத்தில் அந்த வாக்கியத்தை ஆறு பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் கடைசி சனிக்கிழமை பக்கத்துக் கல்லூரியோடு ஆட்டம். நாலாவது சுற்றில் மைக்கா வான்ட்ரீஸ் என்ற பையன் மட்டையோடு வந்தான். குட்டை, நல்ல கட்டுடம்பு, வாய் ஓயாதவன். பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, தரையில் பதித்த வெள்ளைப் பிளேட்டைக் கால்விரல் தொடுகிற மாதிரி நெருங்கி நின்றான். எப்போதும் அப்படித்தான் நிற்பான். அவனை அடக்க உள்பக்கம் போடவேண்டும் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். என் நோட்டிலும் அவனைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'உள்பக்கப் பந்தைத் தொடமாட்டான்.'

ஹார்லன் உள்பக்கம் போட்டான். பந்து அவன் நினைத்ததைவிட அரையடி உள்ளே, அரையடி மேலே போனது. மைக்கா அதே நேரம் முன்னால் சாய்ந்தான்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். சத்தம் கேட்டபோது நான் அந்தப் பையனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த, வேகம் அளக்கும் ரேடார் கருவியைப் பார்த்தேன். பந்து போனதும் கண் தானாக அந்த எண்ணுக்குப் போய்விடும், அவ்வளவு வருடப் பழக்கம். எண்ணைப் படித்து, நோட்டில் 96 என்று எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மைக்கா முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு கையால் தரையைத் தடவி ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் அவன் தலையில்தான் இருந்தது.

ஹார்லன் பாதி வழி வரைக்கும் நடந்து வந்தான். அதற்கு மேல் கால் வரவில்லை. ஆம்புலன்ஸ் புல்தரையில் ஏறி வந்து திரும்பிப் போகிறவரை அதே இடத்தில் நின்றான். பயிற்சியாளர் போய்த் தோளைப் பிடித்து அழைத்துப்போனார்.

மைக்காவின் இடது கன்ன எலும்பு உடைந்திருந்தது. லிட்டில் ராக் ஆஸ்பத்திரியில் இரண்டு அறுவை சிகிச்சை செய்தும் இடது கண்ணுக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஹார்லன் மறுபடி வீச வந்தான். ஏழு சுற்றில் பதினோரு பேரை வெளியே அனுப்பினான். வேகம் குறையவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்ற அணி ஸ்கவுட்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

"பையன் தாக்குப் பிடிச்சுட்டான்" என்றார் ஒருவர். "மனசு கல்லு மாதிரி."

நான் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு பந்தும் எங்கே போனது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பேன். அன்று மோட்டலுக்கு வந்து தாளை விரித்துப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு புள்ளிகள். தாளின் ஒரு பாதி அம்மை போட்ட மாதிரி நிறைந்திருந்தது. பேட்டரின் உடம்பு இருக்கும் பக்கம் சுத்தமாக வெள்ளை.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கல்லூரிப் பையன்களுக்கு அந்த வேகத்தையே சமாளிக்க முடியாது. எந்தப் பக்கம் வருகிறது என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இரண்டே வாரத்தில் கண்டுபிடிப்பார்கள். பிளேட்டின் மேல் கவிழ்ந்து நின்று அவனைப் பிய்த்து எறிவார்கள்.

மே மாதம் என் மேலதிகாரி மார்ட்டி ஹெஸ் ஃபோன் செய்தார். ஜூலையில் அணிகள் வரிசைப்படி ஆள் எடுக்கும் நாள். எங்கள் இரண்டாவது வாய்ப்பை ஹார்லனுக்காக வைத்திருந்தார்.

"உன் புள்ளித் தாளைப் பாத்தேன் ரோண்டா. எனக்கு ஒரே கேள்விதான். அவன் மறுபடி உள்பக்கம் போடுவானா மாட்டானா?"

"தெரியல மார்ட்டி."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அதுக்குத்தான சம்பளம்."

ஹார்லனின் பயிற்சியாளர் டெல்பர்ட் நாக்ஸ் முப்பது வருடமாக அதே கல்லூரியில் இருப்பவர். மைதானத்துக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போடுவதும் அவர்தான். நான் போனபோது தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்.

"வாம்மா ரோண்டா. பொணத்தை அளக்க வந்தியா?"

"அப்படிப் பேசாதீங்க கோச். அவன் எப்படி இருக்கான்?"

"உன் மிஷின் என்ன சொல்லுது?"

"மிஷின் நல்லாத்தான் சொல்லுது. நான் உங்களைக் கேக்குறேன்."

அவர் கோட்டைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளினார். "பயிற்சியில பேட்டர் இல்லாம நிக்கவெச்சு உள்பக்கம் போடச் சொன்னா, இருபதுக்கு இருபது போடுறான். அங்க ஒரு ஆளை நிக்கவெச்சா... சரி, நான் சொல்லமாட்டேன். இந்த ஊர்லேர்ந்து ஒருத்தன் பெரிய லீக்குக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. நீ அவனையே கேட்டுக்கோ. திங்கக்கிழமை மட்டும் வராதே, இருக்கமாட்டான்."

"எங்க போறான்?"

"அதையும் அவனையே கேளு."

அவனையே கேட்டேன். விடுதியின் சலவை அறையில், சுற்றுகிற இயந்திரத்துக்கு முன்னால் மடித்த கால்களோடு உட்கார்ந்திருந்தான். நான் போனதும் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டான். அவன் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அப்பா மின்கம்பத்தில் ஏறுகிறவர், பெரியவர்கள் முன்னால் உட்காரக்கூடாது என்று வளர்ந்தவன்.

"திங்கக்கிழமை மைக்கா வீட்டுக்குப் போவேன் மேடம். நீங்களும் வரணும்னா வாங்க. ஆனா அந்தக் கருவி வேண்டாம்."

மைக்காவின் வீடு அங்கிருந்து இரண்டு மணி நேரம். வான்ட்ரீஸ் குடும்பத்துக்கு நாலு கோழிக் கொட்டகைகள். ஒவ்வொன்றும் நானூறடி நீளம், உள்ளே இருபதாயிரம் குஞ்சுகள். கம்பெனி லாரி குஞ்சுகளை இறக்கிவிட்டுப் போகும். ஏழு வாரத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் தினமும் யாராவது கொட்டகைகளுக்குள் நடந்து செத்த கோழிகளைப் பொறுக்கவேண்டும். அது மைக்கா பத்து வயதிலிருந்து செய்த வேலை. இப்போது அந்தத் தூசும் நெடியும் அவன் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்தில் ஆறு நாள் அவன் அம்மா லூவான் பொறுக்கினாள். திங்கட்கிழமை ஹார்லன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு முதல் கொட்டகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். எந்தக் கையை நான் மூன்று மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேனோ, அந்தக் கை பிடித்திருந்த வாளிக்கு மேல் ஏழெட்டுச் செத்த கோழிகளின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மைக்கா வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி. இடது கன்னம் இன்னும் நேராகவில்லை.

"டேய் நட்சத்திரம்! போன வாரம் மூணாவது கொட்டகை மூலையில ஒண்ணை விட்டுட்டுப் போயிட்டே. அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போய் எடுத்தாங்க."

"பாக்குறேன்டா."

"பாக்குறதுக்கு உனக்கு ரெண்டு இருக்கு, சொல்றதுக்கு நான் ஒருத்தன்."

ஹார்லன் அடுத்த கொட்டகைக்குள் போனான். மைக்கா என் பக்கம் தலையை முழுதாகத் திருப்பினான். அப்படித் திருப்பினால்தான் அவனுக்கு என்னைத் தெரியும்.

"நீங்கதான் அந்த ஸ்கவுட் மேடமா? அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் தம்பி."

"எவ்வளவு?"

என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "தொண்ணூற்றாறு."

அவன் மெல்ல விசில் அடித்தான். "என் வாழ்க்கையிலேயே எனக்கு வந்த வேகமான பந்து. நான் அதைப் பாக்கவே இல்ல." பிறகு, "எம்மேல ஏதாவது எழுதி வெச்சிருந்தீங்களா?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். 'கடும் உழைப்பாளி' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

அவன் கொட்டகையின் பெரிய காற்றாடிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரிதான்" என்றான். "ஒரு வரியாவது இருந்துச்சே."

லூவான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பீன்ஸ், சோளரொட்டி, பொரித்த வெண்டைக்காய். ஹார்லன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தும் அந்த நெடி போகவில்லை. அந்த மேசையில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லும்போது லூவான் எல்லோர் பெயரையும் சொன்னாள், என் பெயரையும். ஹார்லன் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் மன்னித்துவிட்டாளா, மன்னிக்க நேரம் இல்லாமல் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டதும் மைக்கா என்னை வேலியோரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அவனைப் பத்தி நல்லா எழுதுங்க மேடம்."

"பாத்ததைத்தான் எழுதுவேன்."

"அது தெரியும். அவன் உள்பக்கம் போடமாட்டேங்குறான்னு எனக்கும் தெரியும். ஆட்டத்தை ரேடியோவுல கேக்குறேன்ல? எல்லாம் வெளிப்பக்கம், எல்லாம் வெளிப்பக்கம்." அவன் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வாரம் தவறாம அவன்கிட்ட சொல்றேன். நீ எனக்கு ஏதாவது செய்யணும்னா கோழி பொறுக்கவேணாம், உள்பக்கம் போடு. பெரிய ஆளா வா. டி.வி.யில உன்னைக் காட்டணும். என் கண்ணைப் போக்கினவன் அவன்தான்னு நான் பத்துப் பேர்கிட்ட சொல்லணும். இல்லேன்னா என்ன மேடம் இது? எவனோ ஒருத்தன் எதையோ எறிஞ்சான், எம்மேல பட்டுச்சு. அவ்வளவுதானா?"



திரும்பும்போது ஹார்லன் என் கார் வரை வந்தான். உள்பக்கம் போட முடியுமா என்று அவனிடம் நேராகக் கேட்டேன்.

"கைக்கு வருது மேடம்" என்றான். "கேட்சர் உள்பக்கம்னு கை காட்டுறான். போடுறேன்னுதான் நானும் ஓங்குறேன். விடுற நேரத்துல விரல் கொஞ்சம் சீக்கிரம் விட்டுருது. நான் முடிவு பண்ணி விடுறதில்ல. அதுவா விடுது."

"ஒரு வருஷம் போனா சரியாகுமா?"

"தெரியல."

"தெரியலன்னு நான் எழுதினா உன்னை எங்க ஆளுங்க எடுக்கமாட்டாங்க தம்பி."

அவன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும்னு நான் சொல்லிட்டா, நீங்க என்னை நம்பி எழுதுவீங்க. அப்புறம் நான் உங்களையும் ஏமாத்தினவன் ஆவேன். பாத்ததை எழுதுங்க மேடம்."

எழுதினேன். கை, வேகம், சரியும் பந்து எல்லாவற்றுக்கும் முன்பு போட்ட மதிப்பெண்ணையே போட்டேன். கீழே, 'மார்ச் சம்பவத்துக்குப் பிறகு உள்பக்கம் வீச முடியவில்லை. முடியும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். 'பெரிய லீக்கில் ஆடுவான்' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அனுப்பினேன்.

ஜூலையில் எங்கள் அணி அவனை விட்டுவிட்டது. நாலாவது சுற்றில் வேறொரு அணி எடுத்தது. மறுநாள் மைக்கா எனக்கு ஃபோன் செய்தான். என் எண்ணை எப்படிப் பிடித்தானோ தெரியாது.

"என்ன எழுதினீங்க?"

சொன்னேன்.

"ஒரு பொய் எழுதியிருந்தா உங்க கையில என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் மூன்று வருடம் ஹார்லனின் பெயரைத் தாள்களில்தான் பார்த்தேன். முதல் வருடம் அடிமட்ட அணியில் நன்றாகவே வீசினான். இரண்டாம் வருடம் நான் நினைத்தபடியே ஆனது. செய்தி பரவிவிட்டது, பேட்டர்கள் பிளேட்டின் மேல் கவிழ்ந்து நின்றார்கள். ஆனாலும் அந்த வேகத்துக்காக அணி அவனை விடாமல் வைத்திருந்தது. ஆட்டத்தின் முடிவில் ஒரு சுற்று மட்டும் வீசவைத்து, பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே வரை கொண்டுவந்து நிறுத்தியது. அந்த அணி போய் ஆடும் ஊர்களின் பட்டியலில் ஆர்கன்சாவில் ஒரு ஊரும் இருந்தது. மைக்கா வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம் நான் அங்கே வேறொரு பையனைப் பார்க்கப் போயிருந்தேன். சுட்டெரிக்கும் வெயில். முதல் பேஸ் பக்கம் மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு மைக்கா. இடது கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைத்திருந்தார்கள் என்று லூவான் ஒரு கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பொய் சொல்லத் தெரியாத மேடமா?" என்றான். கோபம் இல்லை. "ஹார்லன் டிக்கெட் அனுப்பினான். வருஷம் பூரா அனுப்புறான். இன்னிக்குத்தான் வந்தேன்."

எட்டாவது சுற்று. ஓடி நிற்கிற மூன்று பேஸிலும் எதிரணி ஆள். ஒருவனை வெளியேற்றினால் சுற்று முடியும். ஹார்லனை அனுப்பினார்கள். நான் கடைசியாகப் பார்த்ததைவிடத் தோள் அகன்றிருந்தான், நடையில் வயது தெரிந்தது. எதிரே வந்த பேட்டர் பெரிய உடம்புக்காரன். வந்ததும் வராததுமாகப் பிளேட்டின் மேல் போய்க் கவிழ்ந்து நின்றான். இந்தப் பக்கம் வராது என்று அவனுக்கு நிச்சயம்.

முதல் இரண்டு பந்தும் வெளிப்பக்கம். இரண்டாவதை அவன் எட்டி அடித்தான். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. ஒரு சாண் உள்ளே விழுந்திருந்தால் மூன்று பேரும் ஓடி வந்திருப்பார்கள்.

"போடுடா" என்றான் மைக்கா. சத்தமாக இல்லை. "போடேன்டா. ஒரே ஒரு தடவை."

கேட்சர் கை காட்டினான். ஹார்லன் நெடுநேரம் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஓங்கினான்.

பந்து அந்தப் பெரிய உடம்புக்காரனின் மார்புக்கு நேரே, தாடைக்குக் கீழே, மூன்று விரல் இடைவெளியில் போனது. அவன் மட்டையை விட்டுவிட்டு மல்லாக்க விழுந்தான். அவன்மேல் படவில்லை. அப்பழுக்கில்லாத உள்பக்கப் பந்து. கூட்டம் எழுந்து கத்தியது. நான் மைக்கா பக்கம் திரும்பினேன்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, முழங்காலுக்கு நடுவே தலையைப் புதைத்திருந்தான். நான் முதுகில் கை வைத்தேன். "பட்டுதா?" என்றான். "மேடம், அவன்மேல பட்டுதா?"

"இல்ல தம்பி. படல. எழுந்துட்டான் பாரு."

பேட்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். அடுத்த பந்தை ஹார்லன் வெளிப்பக்கம் சரியவிட்டான். பேட்டர் வெறும் காற்றில் மட்டையை வீசிவிட்டு வெளியே போனான். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஹார்லனின் தலையைத் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்காமல், நாங்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

மைக்கா ஆட்டம் முடிகிறவரை இருக்கவில்லை. "அம்மா தனியா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் மார்ட்டிக்கு அன்றே ஃபோன் செய்தேன். தப்பாக எழுதிவிட்டேன், அந்தப் பையனிடம் இப்போது எல்லாம் இருக்கிறது, நம் ஆள் ஒருவனைக் கொடுத்து அவனை வாங்கிக்கொள்ள வழியிருந்தால் அந்த அணியிடம் கேட்டுப்பாருங்கள் என்றேன். அவர் கேட்டுவிட்டு புதன்கிழமை கூப்பிட்டார்.

"நீ லேட் ரோண்டா. நேத்து அவன் சாமான்களைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டானாம். விளையாட்டே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டான்."

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஹார்லனின் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தது அவன்தான்.

"உனக்கு அது முடியாதுன்னு எழுதினவ நான்" என்றேன். "தப்பா எழுதிட்டேன் தம்பி."

"அன்னிக்கு அது சரிதான் மேடம். மைக்கா அப்பவே எங்கிட்ட சொல்லிட்டான். உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன்ப்பா விட்டே? இப்பத்தானே வந்துது."

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. அவன் அதை அதட்டினான்.

"முடியுமா முடியாதான்னு மூணு வருஷமா தெரியாம இருந்துச்சு. அதுதான் தூங்கவிடல. அன்னிக்கு விரல் விடல மேடம், நான்தான் விட்டேன். நேரா போச்சு. போட்டதும் எல்லாரும் பேட்டரைப் பாத்திருப்பாங்க. நான் மைக்காவைப் பாத்தேன். அவன் எங்க உக்காந்திருக்கான்னு எனக்கு முதல்லயே தெரியும். மூஞ்சியைப் பொத்திக்கிட்டான். வாரா வாரம் போடு போடுன்னவன். இனிமே ஒவ்வொரு தடவை போடும்போதும் எனக்கு அதுதான் தெரியும். பேட்டர் பயப்படணும்னுதானே அந்தப் பந்தைப் போடுறோம்? அப்படி ஒருத்தனைப் பயமுறுத்தித்தான் நான் சாப்பிடணுமான்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

பதினேழு வருடமாக அந்தப் பயத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பவள் நான்.

மைக்காவுக்கு ஆத்திரம். ஹார்லன் விட்டுவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டுக்கே போய், வாசலில் நின்று கத்திவிட்டு வந்தான் என்று லூவான் சொன்னாள். நாலு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை. குளிர்காலத்தில் ஒரு பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து, கொட்டகையில் ஹீட்டர்கள் நின்றுவிட்டன. குஞ்சுகள் வந்து நாலே நாள் ஆகியிருந்தது. ஹார்லன் அதற்குள் அப்பாவோடு மின்கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து கம்பம் ஏற ஆரம்பித்திருந்தான். அந்தப் பக்கத்துக்கு வந்த லாரியில் அவனும் இருந்தான். கம்பியைச் சேர்த்துவிட்டு இறங்கி வந்தவனுக்கு மைக்கா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று லூவானுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். இரண்டு பேரும் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து, ஒரே கோப்பையை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்களாம்.